மேல் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்: ஓர் அரிய நோயும் பதிவேடுகளின் பணியும்

சிறுநீர்ப் பாதையின் உள்உறையில் தோன்றும் புற்றுநோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் சிறுநீர்ப்பையைச் சார்ந்தவை. எஞ்சிய 5 முதல் 10 விழுக்காடு சிறுநீர்ப்பைக்கு மேலே, சிறுநீரகத்தின் உட்குழிவிலோ, அங்கிருந்து சிறுநீரைக் கீழே கொண்டுவரும் நாளத்திலோ தோன்றுகின்றன. மேலை நாடுகளில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு மட்டுமே இந்நோய் காணப்படுகிறது. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால், வளரும் நாடொன்றின் சுகாதாரத் திட்டத்தில் இதற்குத் தனிக் கவனம் கோருவது மிகையாகத் தோன்றலாம். வாய்க்குழி, கருப்பை வாய், மார்பகம் ஆகியவற்றின் புற்றுநோய்களே நம் மருத்துவமனைகளை நிரப்புகின்றன. நிதியும் ஆட்களும் முதலில் அவற்றிற்கே செல்லவேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் இந்த அரிய நோய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதன் காரணங்கள் பலவும் மக்கள் நன்மை கருதித் தாமே விரும்பி உட்கொண்டவற்றில் அல்லது அன்றாடம் உண்ட உணவில் மறைந்திருந்தன. ஓரிடத்தில் அது தலைவலித் தூள். மற்றோரிடத்தில் கோதுமையோடு கலந்த களைச்செடியின் விதை. வேறோரிடத்தில் உடல் இளைப்பதற்கான மாத்திரை. உட்கொண்ட காலத்திற்கும் நோய் வெளிப்பட்ட காலத்திற்கும் இடையே பல ஆண்டுகள், சில இடங்களில் இருபது முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இத்தகைய தீங்கை அனுபவத்தால் மட்டும் உணர இயலாது. கொடுத்த மருத்துவரும் அறியார், உண்டவரும் அறியார். எழுதி வைக்கப்பட்ட பதிவுகளே அதைக் காட்டிக்கொடுத்தன.

உறுப்பின் அமைப்பு

சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்ட சிறுநீர், அதன் உட்குழிவிலுள்ள சிறு கிண்ணங்களில் சேர்ந்து, புனல் போன்ற ஒரு பகுதிக்கு வருகிறது. இதைச் சிறுநீரகப் புனல் எனலாம். அப்புனலின் கீழ்முனை ஒடுங்கிச் சிறுநீர் நாளமாக நீள்கிறது. நாளத்தின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ.; உட்துளையோ சில மில்லிமீட்டர் மட்டுமே. இந்த நாளம் சிறுநீர்ப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து உள்ளே திறக்கிறது. புனல், நாளம், பை ஆகிய மூன்றின் உட்புறத்தையும் ஒரே வகை உயிரணுப் படலம் போர்த்தியுள்ளது. இது மாறுநிலைப் படலம் எனப்படும். சுவர் விரியும்போது தட்டையாகவும், சுருங்கும்போது தடித்தும் மாறும் இயல்பு உடையதால் இப்பெயர் பெற்றது.

உறை ஒன்றே எனில், புற்றுநோய் சிறுநீர்ப்பையில் மிகுதியாகவும் மேலே குறைவாகவும் இருப்பது ஏன் என்ற வினா எழும். சிறுநீரில் கரைந்துள்ள நச்சுப்பொருள்கள் நாளத்தில் தங்குவதில்லை. சுவரின் அலைபோன்ற அசைவால் நொடிகளில் கீழே தள்ளப்படுகின்றன. பையிலோ மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. புகையிலைப் புகையின் நச்சும், சாயத் தொழிலின் நச்சும் பையைப் பெரிதும் தாக்குவதற்கு இதுவே முக்கியமான காரணமாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஏதேனும் ஒரு வட்டாரத்தில் இந்த விகிதம் மாறி, மேல்பாதையில் நோய் மிகுந்து காணப்படுமானால் அங்கு வழக்கத்திற்கு மாறான காரணம் ஒன்று இயங்குகிறது என்று ஐயுறுவதே முறையாகும்.

மேல்பாதையின் சுவர் மெல்லியது. அங்குத் தோன்றும் கட்டி தசைப்படலத்தை எளிதில் துளைத்து வெளியேறிவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மேலோட்டமாக இருக்கும் நிலையிலேயே கண்டறியப்படுகின்றன. மேல்பாதைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு கண்டறியப்படும்போதே ஆழப் பரவியிருக்கின்றன. காலத்தில் அறிதல் என்பது இந்நோயில் அவ்வளவு இன்றியமையாதது.

அறிகுறியும் அதைத் தவறவிடுதலும்

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வருதலே முதன்மையான அறிகுறி. நோயாளிகளில் நான்கில் மூவருக்கு இது காணப்படுகிறது. சிலருக்கு இரத்தம் கண்ணுக்குத் தெரியாது; நுண்ணோக்கியில் சிவப்பணுக்களாக மட்டுமே தென்படும். ஐந்தில் ஒருவருக்கு விலாப்புறத்தில் மந்தமான வலி உண்டு. நாளத்தின் வடிவிலேயே உறைந்து, மண்புழுவைப் போல நீண்டு மெலிந்த இரத்தக் கட்டிகள் வெளிவருமானால், இரத்தம் மேலிருந்து வருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நம் நாட்டில் இந்த அறிகுறி தவறவிடப்படுவதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன. சிறுநீரகக் கல் இங்குப் பரவலான நோய். விலாவில் வலியும் சிறுநீரில் செம்மையும் கண்டால் நோயாளியும் மருத்துவரும் கல் என்றே முடிவு செய்துவிடுகின்றனர். காசநோயும் சிறுநீர் நாளத்தைத் தாக்கி அதைக் குறுகச் செய்யும். படத்தில் அது புற்றுக்கட்டியை ஒத்துத் தோன்றும். மேலும் காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்குகிறது. ஆதலால் சிறுநீர் சிவந்திருக்கிறது என்று ஒரு நோயாளி கூறும்போது, அது மருந்தின் நிறம் என்று ஆறுதல் கூறி அனுப்பும் வழக்கம் உண்டு. ஒரு துளிச் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு உண்டா இல்லையா என்பது சில நிமிடங்களில் தெளிவாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் செய்யக்கூடிய சோதனையே இது.

இரத்தப்போக்கு ஓரிரு நாளில் தானே நின்றுவிடுவது மற்றோர் இடர். நின்றதை நோய் தீர்ந்ததாகக் கருதி ஓராண்டு கழித்துத் திரும்பி வருவோர் பலர். நடு வயதைக் கடந்தவருக்கு வலியில்லாமல் ஒரே ஒரு முறை இரத்தம் வந்திருந்தாலும் அதன் தோற்றுவாயைத் தேட வேண்டும் என்பதைச் சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் வற்புறுத்துவது தகும். நீண்ட நாள் தங்கிய கல்லும் புனலின் உறையை உறுத்தி வேறொரு வகைப் புற்றுக்கு வழிவகுக்கும் என்பதால், கல் இருப்பது உறுதியானாலும் தேடலை அத்துடன் நிறுத்திவிடலாகாது.

நோயை உறுதி செய்வதற்குச் சிறுநீர்ப் பாதையைத் தெளிவாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் படம் எடுக்கப்படுகிறது. பின்னர் சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய உள்நோக்குக் கருவியை நாளத்திற்குள் செலுத்திக் கட்டியை நேரில் கண்டு, ஒரு துணுக்கைத் திசுச் சோதனைக்கு எடுக்கின்றனர். சிறுநீரில் உதிர்ந்துவரும் உயிரணுக்களை ஆராய்வதும் உண்டு.

சிகிச்சை

பரவும் தன்மை மிக்க கட்டிக்கு, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையும், நாளம் முழுவதையும், நாளம் திறக்குமிடத்திலுள்ள சிறுநீர்ப்பைச் சுவரின் ஒரு வட்டத்தையும் சேர்த்து நீக்குவதே நிலைபெற்ற அறுவை முறை. நாளத்தின் ஒரு துண்டை விட்டுவைத்தால் அதில் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு உண்டு. சிறியதாகவும் வீரியம் குறைந்ததாகவும் உள்ள கட்டிகளை உள்நோக்குக் கருவியின் துணையுடன் லேசர் கதிரால் அழித்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் இயலும். ஆனால் அந்நோயாளி பல ஆண்டுகள் தவறாமல் சோதனைக்கு வரவேண்டும். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வருபவருக்கு இது எளிதன்று என்பதையும் கருதியே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சை பயன் தருமா என்பது நெடுங்காலம் விடையறியா வினாவாக இருந்தது. நோய் அரிதாகையால் ஆய்வுக்குப் போதிய நோயாளிகள் கிடைக்கவில்லை. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் கூடி 261 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளை அறுவைக்குப் பின் 90 நாள்களுக்குள் தொடங்கியவர்களில் 71 விழுக்காட்டினர் மூன்றாண்டு நோய் திரும்பாமல் வாழ்ந்தனர்; மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 46 விழுக்காடாக இருந்தது. ஒரு சிறுநீரகத்தை இழந்தவரின் உடல் இம்மருந்துகளைத் தாங்குவது கடினம் என்பதால், அறுவைக்கு முன்னரே மருந்து தருவதையும் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

சிறுநீரகம் நீக்கப்பட்டதோடு கண்காணிப்பு முடிவதில்லை. மேல்பாதைப் புற்று நீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 22 முதல் 47 விழுக்காட்டினருக்குப் பின்னர் சிறுநீர்ப்பையில் கட்டி தோன்றுகிறது. அறுவையை ஒட்டி ஒரு முறை பைக்குள் மருந்து செலுத்துவதால் இது குறைகிறது. உள்உறை முழுவதுமே ஒரே நச்சில் நனைந்த வயல் என்று கொண்டால் இதன் காரணம் விளங்கும்.

இந்நோய் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. பெருங்குடல், கருப்பை ஆகியவற்றில் இளவயதிலேயே புற்றுநோய் தோன்றும் லிஞ்ச் நோய்த்தொகுதி என்னும் மரபுக் குறைபாடு உடையோருக்கு மேல் சிறுநீர்ப் பாதையிலும் நோய் வரும் வாய்ப்பு மிகுதி. அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளியிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டறிவது கட்டாயமாகும்.

தொழிற்சாலையும் தலைவலித் தூளும்

சிறுநீர்ப் பாதைப் புற்றுக்கு வெளிக் காரணம் உண்டு என்பதை முதலில் சுட்டியவர் பிராங்க்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன். சாயத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த 45 தொழிலாளரில் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை அவர் 1895இல் அறிவித்தார். மூவர் என்பது சிறிய எண். அம்மூவரும் என்ன தொழில் செய்தனர் என்று அவர் வினவியதே பெரிது. பின்னர் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலிய பொருள்களின் தீமை நிலைநாட்டப்பட்டது.

ஃபெனசெட்டின் என்னும் வலிநீக்கியின் வரலாறு மேல்பாதையோடு நேரடித் தொடர்புடையது. இம்மருந்து 1887இல் விற்பனைக்கு வந்தது. ஸ்வீடனில் ஹூஸ்க்வார்னா என்ற தொழில் நகரில், 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா காய்ச்சலின்போது ஃபெனசெட்டின், ஃபெனசோன், கஃபீன் கலந்த தூள் ஒன்று மக்களிடையே பழக்கமாயிற்று. காய்ச்சல் போன பின்னும் தூள் போகவில்லை. வேலையில் சோர்வு தோன்றாதிருக்க ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் அதை உட்கொண்டனர். பிறந்தநாள் அன்பளிப்பாகவும் பொட்டலங்கள் வழங்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் சிறுநீரகத்தின் உட்பகுதி அழுகும் நோய் அவர்களிடையே மிகுந்தது. அத்தகைய நோயாளிகளிடம் சிறுநீரகப் புனலில் புற்றுநோய் தோன்றுவதை ஸ்வீடன் மருத்துவர்கள் 1965இல் வெளியிட்டனர். அமெரிக்கா 1983இல் ஃபெனசெட்டினை விலக்கியது. நம் நாட்டிலும் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. இன்று பரவலாக வழங்கும் பாரசிட்டமாலைப் புற்றுநோய் விளைவிப்பதாக உலக ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தவில்லை என்பதையும் இங்குச் சொல்லிவிடுவது நலம்.

டான்யூப் கரையின் சிற்றூர்கள்

பல்கேரியா, ருமேனியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா ஆகிய நாடுகளில் டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய சில ஊர்களில் விசித்திரமான சிறுநீரக நோய் ஒன்று 1950களின் நடுவில் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. உழவர் குடும்பங்களையே அது தாக்கியது. ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு நோய் இருக்கும். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுத்த ஊரில் ஒருவருக்கும் இராது. குழந்தைகளுக்கு வருவதில்லை, நடு வயதிலேயே சிறுநீரகங்கள் ஓசையின்றிச் சுருங்கிப் போயின. அந்நோயாளிகளில் கணிசமானோருக்கு, வேறெங்கும் அரிதாகிய மேல்பாதைப் புற்றுநோயும் கண்டது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தமையால் பரம்பரை நோய் என்று சிலர் கருதினர். ஆனால் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் பதினைந்து இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தபின் நோய்வாய்ப்பட்டனர். ஆகவே காரணம் ஊரில் இருந்ததேயன்றிக் குருதியில் இல்லை என்பது பெறப்பட்டது.

கிணற்று நீர், உலோகங்கள், நிலக்கரிப் படிவுகள், தானியத்தில் வளரும் பூஞ்சை என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன. யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த மிலென்கோ இவிச் என்பவர் 1960களின் இறுதியில் வேறொரு கருத்தை முன்வைத்தார். நோயுள்ள ஊர்களின் கோதுமை வயல்களில் அரிஸ்டோலோக்கியா கிளெமாட்டிடிஸ் என்ற களை மிகுந்து வளர்ந்தது. கோதுமை முற்றும் பருவத்திலேயே அதன் காயும் முற்றியது. அறுவடையில் அதன் விதை தானியத்தோடு சேர்ந்தது. ஊர் ஆலையில் அரைத்த மாவு; வீட்டில் சுட்ட ரொட்டி. இக்களை கலந்த தீவனத்தைத் தின்ற குதிரைகளுக்குச் சிறுநீரகம் கெட்டதை முன்னரே கால்நடை மருத்துவர் குறித்திருந்ததும் அவருக்குத் துணையாயிற்று. ஆயினும் அவரது கருத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரும்பாலோரால் பொருட்படுத்தப்படவில்லை.

அமெரிக்காவின் ஆர்தர் குரோல்மன், குரோஷியாவின் போயான் யெலாக்கோவிச் ஆகியோர் அடங்கிய குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உறுதியான சான்று தந்தது. அச்செடியிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் உடலில் மாற்றமடைந்து சிறுநீரக உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வொட்டு பல பத்தாண்டுகள் அழியாமல் நிற்கும். உயிரணு பிரியும்போது, அடினின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் அமைந்துவிடுகிறது. வேறு நச்சுகளால் அரிதாகவே நிகழும் இம்மாற்றம், கைரேகை போன்று குற்றவாளியை அடையாளம் காட்டுகிறது. நோயாளிகளின் சிறுநீரகத் திசுவில் அந்த ஒட்டும், புற்றுக்கட்டிகளில் அந்தக் கைரேகையும் காணப்பட்டன.

பிரஸ்ஸல்ஸ் நகரமும் தைவான் தீவும்

இதற்கிடையே பெல்ஜியத்தில் நிகழ்ந்தது, வேண்டாமலே நடந்தேறிய ஒரு சோதனை எனலாம். பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைப்பதற்குச் சிகிச்சை தந்த மருத்துவமனை ஒன்று பதினைந்து ஆண்டுகள் குறையின்றி இயங்கிவந்தது. 1990இல் அதன் மாத்திரைகளில் சில சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டன. 1992இல் ஐம்பது வயதுக்குட்பட்ட இரு பெண்கள் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்து மருத்துவர்களிடம் வந்தனர். இருவரும் ஒரே இடத்தில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது கேட்டறியப்பட்டது. பிற மருத்துவமனைகளில் தேடியபோது மேலும் எழுவர் கண்டறியப்பட்டனர். பின்னாளில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

பிழை பெயரில் நேர்ந்தது. சேர்க்கப்பட வேண்டிய வேர் ‘ஹான் ஃபாங் ஜி’. சேர்ந்ததோ ‘குவாங் ஃபாங் ஜி’ எனப்படும் அரிஸ்டோலோக்கியா இன வேர். சிறுநீரகம் முற்றும் செயலிழந்த 39 பேரின் சிறுநீரகங்களையும் நாளங்களையும் முன்னெச்சரிக்கையாக நீக்கி ஆராய்ந்தபோது 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது. எஞ்சிய 21 பேரில் 19 பேரிடம் புற்றுக்கு முந்திய மாறுதல்கள் காணப்பட்டன. அதிக அளவு உண்டவருக்கு நோயும் அதிகம். இவ்விவரம் 2000இல் வெளிவந்தது. 2002இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வினச் செடி சேர்ந்த மருந்துகளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயமறத் தெரிந்த முதற் பிரிவில் சேர்த்தது.

தைவானில் இச்செடிகள் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கின. மேல்பாதைப் புற்றுநோயின் பங்கு உலக வழக்கைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்து, பெண்களிடத்தும் ஆண்களுக்குக் குறையாமல் காணப்பட்டது அத்தீவில்தான். அங்கு மருத்துவக் காப்பீடு அனைவருக்கும் உரியது. மருந்துச் சீட்டுகள் ஒரே தொகுப்பில் பதிவாகின்றன. அத்தொகுப்பை ஆராய்ந்தவர்கள் 1997 முதல் 2003 வரையில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இவ்வமிலம் இருக்கக்கூடிய மருந்து எழுதித் தரப்பட்டதைக் கண்டனர். 2003இல் அரசு அம்மூலிகைகளைத் தடை செய்தது. 2012இல் வெளியான ஆய்வில், 151 நோயாளிகளில் பலரது கட்டிகளில் பால்கன் ஊர்களில் கண்ட அதே கைரேகை தென்பட்டது. தடைக்குப் பின் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்கள் குறையத் தொடங்கியதைப் பின்னர் வந்த கணக்குகள் காட்டுகின்றன.

நம் நாட்டில்

அரிஸ்டோலோக்கியா இனம் நமக்கு அயலானதன்று. ஈசுவரமூலி என்றும் பெருமருந்துக்கொடி என்றும் வழங்கும் கொடி அரிஸ்டோலோக்கியா இண்டிகா. கரிசல் நிலங்களிலும் வரப்போரங்களிலும் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. பூச்சிக்கடி, குடற்புழு, தோல்நோய் முதலியவற்றுக்கு இவை தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்துள்ளன. ஆடும் வாய்வைக்காத செடி என்று பெயரிட்ட நம் முன்னோரின் நோக்கு கூர்மையானது. இக்கொடிகளைத் தின்று வளரும் சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் இவ்வமிலத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகின்றன.

இதைக் கொண்டு மரபு மருத்துவத்தை இகழ்வது நேர்மையாகாது. உடனடியாகத் தீங்கு செய்யும் பொருளை மரபு நன்கு அறிந்திருந்தது. அவற்றுக்குச் சுத்தி முறைகளையும் வகுத்தது. ஆனால் இருபது ஆண்டு கழித்து, வேறோர் உறுப்பில், வேறொரு மருத்துவரிடம் வெளிப்படும் தீங்கை எந்த வைத்தியரின் அனுபவமும் காட்டாது. ஸ்வீடனில் நவீன மருந்தைத் தந்தவர்களும் இதே இருளில்தான் இருந்தனர். பெரிய நிறுவனங்கள் விற்கும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் சீட்டில் சேர்பொருள்களைத் தாவரவியல் பெயருடன் அச்சிட வேண்டும் என்பது விதி. சந்தையில் மூட்டையாக விற்கும் வேருக்கும் கொடிக்கும் சீட்டு ஏது? பிரஸ்ஸல்ஸில் நேர்ந்த பெயர்க் குழப்பம், ஒரே செடிக்கு மாவட்டந்தோறும் ஒரு பெயர் வழங்கும் நம் நாட்டில் நேராது என்று எவ்வாறு உறுதி கூறுவது? இம்மருந்துகளின் தீயவிளைவுகளைத் தெரிவிப்பதற்கு 2018 முதல் நாடளாவிய கண்காணிப்புத் திட்டம் உள்ளது. மூன்று நாளில் தோன்றும் ஒவ்வாமையை அது பிடித்துவிடும். மூன்று பத்தாண்டில் தோன்றும் புற்றுக்கு வேறு கருவி வேண்டும்.

அக்கருவி நம்மிடம் இல்லாமலில்லை. பம்பாயில் 1963இலேயே மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1981இல் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தோற்றுவித்தது. அடுத்த ஆண்டு பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் அதன்கீழ்ப் பதிவு தொடங்கிற்று. இன்று பல மாநிலங்களில் பதிவேடுகள் இயங்குகின்றன. நோய்களின் சர்வதேசக் குறியீட்டின் பத்தாம் திருத்தத்தில் சிறுநீரகத் திசுவுக்கு சி64, சிறுநீரகப் புனலுக்கு சி65, சிறுநீர் நாளத்திற்கு சி66, சிறுநீர்ப்பைக்கு சி67 எனத் தனித்தனி எண்கள் உள்ளன. மருத்துவமனைக் குறிப்பில் ‘சிறுநீரகப் புற்று, சிறுநீரகம் நீக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டால் புனலில் தோன்றிய நோயும் சி64இல் சென்று மறைந்துவிடும். தைவானில் ஐயத்தை எழுப்பியது பை, மேல்பாதை ஆகியவற்றின் விகிதமே. சரியான எண் விழாத இடத்தில் அந்த விகிதம் ஒருநாளும் புலப்படாது. ஒரு சொல் கூடுதலாக எழுதும் சிரமமே இதற்கான செலவு.

தொழில்வழி வரும் நோய்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 1987இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தொழில்வழிப் புற்றுநோயும் நச்சினால் வரும் சிறுநீரக நோயும் அறிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அச்சட்டத்தின்படி, நோயைக் கண்ட மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருந்தார். பென்சிடின் வழிவந்த சாயங்களைக் கையாள்வதும் 1990களில் தடை செய்யப்பட்டது. ஆயினும் தடைக்கு முன் சாயத்தில் நனைந்த கைகள் இன்று முதுமையை எட்டுகின்றன. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய தொழிலாளியின் சிறுநீரில் இரத்தம் கண்டால், இளமையில் அவர் அகமதாபாத்திலோ பாலியிலோ என்ன வேலை செய்தார் என்று கேட்கும் வழக்கம் ஊரிலுள்ள மருத்துவருக்கு இருந்தாலன்றி அந்தச் சட்டத் துணை உயிர் பெறாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் உழவர்களிடையே காரணம் உறுதிப்படாத சிறுநீரக நலிவு பரவியுள்ளது. அவற்றுக்கும் அரிஸ்டோலோக்கியாவுக்கும் தொடர்பு உண்டு என்று எவரும் நிறுவவில்லை. அவ்வாறு கூறுவதும் இங்கு நோக்கமன்று. ஆனால் பால்கன் ஊர்களின் நோயும் முதலில் காரணம் தெரியாத சிறுநீரக நலிவாகவே அறியப்பட்டது. புற்றுநோய் அதனோடு சேர்ந்து வந்தது என்பதே காரணத்தைத் தேடியவர்களுக்குப் பெரிய துப்பாக அமைந்தது. டயாலிசிஸ் பெறும் நோயாளிகளின் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் ஏற்பாடு இருந்தால், அத்தகைய துப்பு ஏதேனும் இருப்பின் இங்கும் வெளிப்படும்.

சிறுநீரகம் நீக்கப்படும் ஒவ்வொரு நோயாளியிடமும் நான்கு செய்திகளைக் கேட்டு எழுதுவது கடினமன்று. என்ன தொழில், எத்தனை ஆண்டு; புகைபிடிக்கும் பழக்கம்; வலிக்கோ வேறெதற்கோ நெடுநாள் உட்கொண்ட மருந்து, நாட்டு மருந்து உட்பட; பிறந்து வளர்ந்த ஊர். அவற்றுள் மூன்றாவதற்கு விடை பெறுவதே அரிது. கடைச்சரக்கையும் பச்சிலையையும் மக்கள் மருந்தென்று எண்ணுவதில்லை. மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சமும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் பெண்கள் இருவரிடமும் அவர்கள் பெற்ற சிகிச்சையைக் கேட்டறிய முடிந்தது. ஆடுதீண்டாப்பாளைச் சாற்றை வயலோரத்தில் பறித்துக் குடித்த ஒருவரிடம் அதே செய்தியைப் பெற, கேட்பவர் அச்செடியின் அவ்வூர்ப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.